மனவார்ப்பும் தன்வேறுபாடும்: தமிழ்ப் புனைகதையில் மணமான பெண்கள்

முன்னுரை

தமிழ்ப் புனைகதையில் இடம்பெறும் மணமான பெண்களைத் திறனாய்வு பெரும்பாலும் ஓர் எளிய அளவுகோல் கொண்டே மதிப்பிட்டு வந்துள்ளது. கணவன் வீட்டை விட்டு வெளியேறியவள் விடுதலை பெற்றவள் என்றும், அவ்வீட்டிலேயே தங்கியவள் அடங்கிப்போனவள் என்றும் கொள்வது அவ்வளவுகோல். மரபுவழித் திறனாய்வு இதே அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்தது. அதன் பார்வையில் தங்கியவள் பொறுமையின் வடிவம். வெளியேறியவள் நெறி பிறழ்ந்தவள். இரு சாராரும் முரண்பட்டாலும் வாயிற்படியைக் கடந்தாளா இல்லையா என்பதே இருவர்க்கும் முடிவான சான்றாகிறது. வாயிற்படிக்கு இப்பாலும் அப்பாலும் அவளுடைய மனம் எந்நிலையில் இருந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாவை எழுப்புதற்கு உளவியலின் இரு கருத்தாக்கங்கள் துணைசெய்கின்றன. ஒன்று, ஜெஃப்ரி யங் முன்வைத்த இளமைக்காலப் பொருந்தா மனவார்ப்பு. மற்றொன்று, மரே போவென் முன்வைத்த தன்வேறுபாடு. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு மணமான பெண்களிடத்தே எவ்வாறு அமைகிறது என்பது உளவியலார் வினாநிரல் கொண்டு அளந்துவரும் பொருள். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966), ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' (1971), அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (தொகுப்பு, 1988) ஆகிய மூன்று படைப்புகளின்வழி அவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது. கோட்பாட்டைக் கொண்டு படைப்பை விளக்குவதோடு, படைப்பைக் கொண்டு கோட்பாட்டின் எல்லையைக் காண்பதும் இதன் நோக்கமாகும்.

இரு கருத்தாக்கங்கள்

குழந்தைக்குப் பாதுகாப்பு, தன்னாட்சி, உணர்ச்சிகளை வெளியிடும் உரிமை, விளையாட்டு, பொருத்தமான வரம்பு ஆகியன அடிப்படைத் தேவைகள். இவை தொடர்ந்து மறுக்கப்படும்போது தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் ஓர் அச்சு அதன் மனத்தில் உருவாகிறது. பிற்காலத்து அனுபவங்கள் யாவும் அந்த அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. யங் இதனையே மனவார்ப்பு என்கிறார். குளோஸ்கோ, வைஷார் ஆகியோருடன் இணைந்து அவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், 18 மனவார்ப்புகளை ஐந்து பெரும்பிரிவுகளுள் அடக்குகிறது. கைவிடப்படுவோம் என்னும் அச்சம், அன்புக்குறை, குறையுடைமை, பிறருள் கரைந்துபோதல், அடங்கிப்போதல், தன்னைத் துறத்தல், பிறர் ஒப்புதலை நாடல், உணர்ச்சி அடக்கல், தளர்வில்லா உயர்அளவை, தண்டிக்கும் மனப்பாங்கு முதலியன அவற்றுட் சில. மனவார்ப்பை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று: அதற்குப் பணிதல், அதனைத் தவிர்த்தல், அதற்கு மிகையாக ஈடுசெய்தல்.

அந்நூல் காட்டும் மற்றொரு பாகுபாடு இவ்வாய்வுக்கு மிகவும் வேண்டுவது. சில மனவார்ப்புகள் நிபந்தனை அற்றவை. 'நான் குறையுடையவள்', 'என்னை எவரும் விரும்பார்' என்பன போன்று அவை மாற்றுக்கு இடமளிப்பதில்லை. வேறு சில நிபந்தனை உடையவை. 'நான் அடங்கிப்போனால் என்னைக் கைவிடமாட்டார்கள்', 'எல்லாவற்றையும் பிறர்க்கே கொடுத்தால் என்னை மதிப்பார்கள்' என்பன அவ்வகையின. இவை பெரும்பாலும் பின்னர்த் தோன்றி, முந்தைய வடுவை ஆற்ற முயல்பவை. அடங்கிப்போதலும் தன்னைத் துறத்தலும் இவ்வகையைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது.

போவென் (1913-1990) தனிமனிதரை விடுத்துக் குடும்பத்தையே ஓர் உணர்ச்சி அமைப்பாக நோக்கியவர். 1950களில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் குடும்பத்தினரை நோயருடன் ஒருங்கே தங்கவைத்து அவர் மேற்கொண்ட ஆய்வு இந்நோக்குக்கு அடிப்படையாயிற்று. தன்வேறுபாடு என்பது இருவகைத் திறன்களைக் குறிக்கும். தனக்குள் உணர்ச்சியையும் சிந்தனையையும் பிரித்தறியும் திறன் ஒன்று. பிறரோடு நெருங்கியிருக்கும் போதே தன்னை இழவாதிருக்கும் திறன் மற்றொன்று. இத்திறன் குறைந்தவர் பிறருடைய உணர்ச்சியில் கரைந்துவிடுவர்; அல்லது அக்கரைவுக்கு அஞ்சி உறவையே துண்டித்துக்கொள்வர். ஸ்கவ்ரனும் ஃப்ரீட்லேண்டரும் 1998இல் உருவாக்கிய அளவைநிரல் உணர்ச்சி எதிர்வினை, 'நான்'-நிலைப்பாடு, உணர்ச்சித் துண்டிப்பு, கரைவு என்னும் நான்கு கூறுகளால் இதனை அளக்கிறது.

துண்டிப்பும் கரைவும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள் என்பதே போவெனின் கோட்பாட்டில் திறனாய்வாளர் முதற்கண் கொள்ளவேண்டிய செய்தி. தொலைவு சென்றவர் விடுபட்டவர் ஆகார். விடுபடாத பிணைப்பின் சுமையே அவரைத் தொலைவுக்குத் துரத்தியிருக்கக்கூடும்.

இவ்விரு கருத்தாக்கங்களுக்கும் இடையே எதிர்மாறான உறவு எதிர்பார்க்கப்படுவது இயல்பே. மனவார்ப்பின் பிடி இறுகுமளவுக்குத் தன்வேறுபாடு தாழும். அன்புக்குறையின் அச்சில் வார்க்கப்பட்டவள் கணவனின் சிறு மௌனத்தையும் கைவிடலாகக் காண்பாள். உணர்ச்சி எதிர்வினை மிகும். அடங்கிப்போதலின் அச்சில் வார்க்கப்பட்டவளுக்கு 'நான் இவ்வாறு கருதுகிறேன்' என்னும் சொல்லே எழாது. ஆயினும் வினாநிரல் வழியான ஆய்வுகள் இரண்டும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்ல இயலுமேயன்றி, எது எதற்குக் காரணம் என்பதை அவற்றால் மட்டும் நிறுவ இயலாது. காலவோட்டத்தில் ஒரு மனம் உருவாகியும் மாறியும் வருவதை அருகிருந்து காட்டும் வாய்ப்புப் புனைகதைக்கு உண்டு.

கோட்பாட்டின் மீதான ஐயங்கள்

போவெனின் கோட்பாட்டைப் பெண்ணியக் குடும்ப மருத்துவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. டெபோரா லூப்னிட்ஸ் 1988இல் வெளியிட்ட நூலிலும், நட்சன்-மார்ட்டின் 1994இல் எழுதிய கட்டுரையிலும் இவ்வகை மறுபரிசீலனையைக் காணலாம். அறிவுவழிப்பட்ட தற்சார்பு உயர்வாகவும் உறவுவழிப்பட்ட ஈடுபாடு தாழ்வாகவும் வைக்கப்படுமாயின், ஆணுக்குச் சமூகம் கற்பித்த பண்பே உளநலத்தின் இலக்கணமாகிவிடும் என்பது இம்மறுபரிசீலனையின் சாரம்.

இந்தியச் சூழலில் இவ்வையம் மேலும் வலுப்பெறுகிறது. சுதிர் காக்கர் 1978இல் வெளியிட்ட நூலில், புகுந்த வீட்டில் இளம் மனைவியின் இடம் தாய்மைக்குப் பின்னரே உறுதிப்படுவதைச் சுட்டினார். ஆலன் ரோலண்ட் 1988இல், இந்தியரின் தன்னுணர்வு குடும்பத்தைச் சார்ந்தே அமைவதை விளக்கினார். துருக்கிய உளவியலார் சிடெம் காயித்சிபாஷி, தன்னாட்சியும் உறவுப்பிணைப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்றும், இரண்டும் ஒருங்கே வளரும் தன்மை உண்டென்றும் 1996 முதல் வலியுறுத்தினார். இக்கருத்துகளை நோக்கும்போது, நெருக்கம் யாவற்றையும் கரைவு என்று கொள்வதும், கொடை யாவற்றையும் நோய் என்று கொள்வதும் பொருந்தா என்பது தெளிவாகும்.

தமிழ் அகமரபும் இதற்கு ஒரு சான்று தருகிறது. மருதத்திணையின் தலைவி, பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்கு வாயில் மறுக்கிறாள். உறவைத் துண்டிக்காமலே தன் சினத்தை அவளால் நிறுத்திக்காட்ட இயலுகிறது. திருக்குறள் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று அமைந்திருப்பதும் நோக்கத்தக்கது. உறவுக்குள் நின்றே தன்னிலை கூறுதல் இம்மரபுக்குப் புதிதன்று. அதே வேளையில், ஊடலின் முடிவு கூடலே என்று மரபு முன்கூட்டியே வகுத்துவைத்துள்ளது. தலைவி மறுக்கலாம்; மறுத்தே நிற்றல் ஆகாது. உரிமையும் எல்லையும் ஒருங்கே அமைந்த இவ்விடத்திலிருந்தே தற்காலப் புனைகதையின் மணமான பெண்களை அணுகவேண்டும்.

அலங்காரத்தம்மாள்: மகன்மேல் ஏற்றிய சுமை

'அம்மா வந்தாள்' புதினத்தை ஃப்ராய்டின் தாய்-மகன் பற்றிய கருத்தால் விளக்கும் போக்கு ஒன்றுண்டு. அவ்விளக்கம் மகன் அப்புவை நடுவில் வைக்கிறது. போவெனின் நோக்கு, அப்பு எவ்வாறு நடுவில் கொண்டுவந்து வைக்கப்பட்டான் என்று வினவச் செய்கிறது.

அலங்காரத்தம்மாளின் கணவர் தண்டபாணி, அச்சுப்படி திருத்துபவர், வேதாந்தப் பயிற்சியும் சோதிட அறிவும் உடையவர். சிவசுவுடன் அவளுக்குள்ள உறவை அவர் அறிந்திருந்தும் பேசுவதில்லை. பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் சிவசுவின் பிள்ளைகள் என்பதை வீடே அறிந்திருந்தும் அறியாதது போல் இயங்குகிறது. இருவர் உறவில் எழும் இறுக்கம் மூன்றாம் ஒருவரை உள்ளிழுத்துத் தணிக்கப்படும் என்பது போவெனின் முக்கோண உறவுக் கருத்து. தண்டபாணி-அலங்காரம்-சிவசு என்னும் முக்கோணத்தைத் தண்டபாணியின் மௌனம் தாங்கி நிற்கிறது. அது பொறுமையா, இயலாமையா, அறிவால் அடைந்த விலகலா என்று வாசகர் முடிவு கூற இயலாதவாறு ஜானகிராமன் எழுதியுள்ளார்.

இம்முக்கோணத்தால் தணியாத ஒன்று அலங்காரத்தம்மாளிடம் எஞ்சுகிறது. அது குற்றவுணர்வு. அதனைத் தணிக்கவே இரண்டாம் முக்கோணம் எழுகிறது. அப்புவைச் சிறு பருவத்திலேயே காவிரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். வேதம் கற்று முனிவனைப் போல் அவன் திரும்பும்போது அவன் காலில் விழுந்து தன் பாவத்தைக் கரைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். பெற்றோரின் கலக்கம் பிள்ளைகளுள் ஒருவர்மேல் குறிப்பாக ஏற்றப்படுவதைப் போவென் விரிவாகப் பேசியுள்ளார். அது பெரும்பாலும் பிள்ளையின் குறை பற்றிய அச்சமாக வெளிப்படும். இங்கோ அது பிள்ளையின் தூய்மை பற்றிய வேட்கையாக வெளிப்படுகிறது. சுமை ஏற்றப்படும் பிள்ளை இழிவுபடுத்தப்படவில்லை; வழிபாட்டுக்கு உரியவனாக உயர்த்தப்படுகிறான். எனினும் தாயின் கணக்கைத் தீர்க்கும் கருவியாகவே அவன் வளர்க்கப்பட்டான் என்பதில் மாற்றமில்லை.

யங்கின் சொற்களில் இதனைத் தண்டிக்கும் மனப்பாங்கும் தளர்வில்லா உயர்அளவையும் இணைந்த நிலை எனலாம். அவள் தன் விழைவை விடவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. விழைவுக்குப் பணிந்த அளவுக்குத் தண்டனையையும் தானே வகுத்துக்கொள்கிறாள். மகனை முனிவனாக்க முயல்வது மிகை ஈடுசெய்தலாகும். இவ்விடத்தில் யங்கின் கோட்பாடு ஓரளவே துணைசெய்கிறது. அலங்காரத்தம்மாளின் குழந்தைப் பருவத்தைப் புதினம் மூலகாரணமாக விரித்துரைப்பதில்லை. அவளுடைய கடுமை பெற்றோரிடமிருந்து பெறப்பட்டதா, பெண்ணின் ஒழுக்கத்தை மட்டும் நிறுக்கும் சமூகத் தராசிலிருந்து பெறப்பட்டதா என்பதற்கு விடையில்லை. தராசு வெளியில் இருக்கும்போதும் அதனை உள்ளே கொண்டுவந்து தன்னைத் தானே நிறுத்துக்கொள்கிறாள் என்பது மட்டும் தெளிவு.

முடிவில் அலங்காரத்தம்மாள் காசிக்குப் புறப்படுகிறாள். வெளியேறுதலை விடுதலையாகக் கொள்ளும் அளவுகோலால் இதனை அளந்தால் ஒரு மதிப்பும், தவமாகக் கொள்ளும் அளவுகோலால் அளந்தால் வேறொரு மதிப்பும் கிடைக்கும். தன்வேறுபாட்டின் நோக்கில் இப்பயணம் உணர்ச்சித் துண்டிப்பையே பெரிதும் ஒத்துள்ளது. குற்றவுணர்வு தீரவில்லை, அதனை இறக்கிவைக்கும் இடம் மகனிடமிருந்து காசிக்கு மாறியிருக்கிறது. எனினும் புறப்படுமுன் அவள் மகனிடம் வருகிறாள். புதினத்தின் தலைப்பும் அவ்வரவையே சுட்டுகிறது. தான் அவனிடம் எதை எதிர்பார்த்தாள் என்பதை அவன் முன்னிலையில் தன் வாயால் கூறுகிறாள். அப்பு தன் தாய் வகுத்த வடிவில் அமையாமல், இந்துவுடன் பாடசாலையிலேயே தங்க முடிவுசெய்தவன். அம்முடிவை ஏற்று அவனைச் சுமையிலிருந்து இறக்கிவிடுகிறாள் தாய். துண்டிப்பாகத் தோன்றும் பயணத்தின் வாயிலில் நிகழும் அப்பேச்சே அவளுடைய தன்வேறுபாட்டின் முதல் அசைவு. காசிப் பயணத்தை மட்டும் கருதுபவர் அதனைக் காணத் தவறுவர்.

கல்யாணி: தேவையின்மை என்னும் குற்றச்சாட்டு

ஜெயகாந்தனின் கல்யாணி நாடக நடிகை. ரங்கா இதழாளன், மனைவியை இழந்தவன், முதல் மணத்தில் ஒரு மகள் உண்டு. இருவரும் விரும்பி மணந்துகொள்கின்றனர். மணத்திற்குப் பின் ரங்காவின் குறை ஒன்றே. கல்யாணி தன்னைச் சார்ந்திருக்கவில்லை. எனவே தன்னை அவள் நேசிக்கவில்லை. தான் இன்றி அவள் வாடவேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அவள் வாடுவதில்லை. விலக்குக் கோரி வழக்கறிஞரை நாடும் அவனால், சட்டம் கேட்கும் குற்றம் எதையும் அவள்மேல் சுமத்த இயலவில்லை.

மணமான பெண்ணின் தன்வேறுபாடு கணவனின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதை இத்துணைத் துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் புதினங்கள் சிலவே. கரைவையே அன்பின் அடையாளமாகக் கற்றவனுக்கு, கரையாதிருத்தல் அன்பின்மையாகத் தெரிகிறது. இங்கு மனவார்ப்பு பெரிதும் ஆணிடத்தே இயங்குகிறது என்பது கருதத்தக்கது. மணமான பெண்களை மட்டும் வினாநிரலால் அளக்கும் ஆய்வு, ரங்காவை ஒருபோதும் சந்திக்காது. கல்யாணியின் மதிப்பெண் உயர்ந்திருக்க, மணம் மட்டும் முறிந்திருக்கும். முறிவின் காரணம் அட்டவணைக்கு வெளியே நிற்கும்.

ஏறத்தாழ ஒரே அளவு தன்வேறுபாடு உடையவர்களே ஒருவரையொருவர் மணக்கின்றனர் என்பது போவெனின் கருத்து. கல்யாணியும் ரங்காவும் இதற்கு மாறான சான்று போல் தோன்றுகின்றனர். ஆயின் போவென் தரப்பில் நின்று ஒரு மறுவினா எழுப்பலாம். கல்யாணியின் அமைதி முழுவதும் 'நான்'-நிலைப்பாடுதானா? கணவன் பிரிய விரும்பும்போதும் பதறாமல் இசையும் அவளிடம், இழப்பின் வலியை எட்டநிறுத்தும் தவிர்த்தலும் சிறிது கலந்திருக்கக்கூடுமன்றோ? எதையும் கேளாதிருப்பவர் எல்லாரும் நிறைவுற்றவர் ஆகார். கேட்டால் கிடைக்காது என்று முன்னரே அறிந்துவைத்தவரும் கேளாதிருப்பர். ரங்காவின் குற்றச்சாட்டு அநீதியானது. எனினும் அதனுள் ஓர் உண்மைத்துளி இருக்கலாம் என்னும் ஐயத்தை ஜெயகாந்தன் முற்றிலும் நீக்குவதில்லை.

அவ்வையத்திற்குப் புதினம் அளிக்கும் சோதனை கல்யாணியின் நோய். அவள் கால்கள் செயலிழக்கின்றன. ரங்கா திரும்பி வருகிறான். அவன் வேண்டிய சார்பு இப்போது உடலின் வடிவில் வந்து நிற்கிறது. பெண்ணின் தற்சார்பு தண்டிக்கப்பட்டது என்று இப்பகுதியை வாசிப்பதற்கு இடமுண்டு. நோயால் வீழ்த்தியே மணத்தை மீட்க வேண்டியிருந்தது என்பது கதையமைப்பின் மீதான நியாயமான குறையே. எனினும் கல்யாணி அந்நிலையை எதிர்கொள்ளும் விதம் மற்றொரு வாசிப்பையும் வேண்டுகிறது. உடலால் பிறரைச் சார்ந்திருந்தும் மனத்தால் கரையாதிருக்கிறாள். உதவியை ஏற்பதற்காகத் தன் கருத்துகளை அவள் விலையாகக் கொடுப்பதில்லை. உண்மையான தன்வேறுபாட்டின் அடையாளமும் இதுவே. தனித்து நிற்க இயன்றவர் பிறரைச் சார்ந்திருக்கவும் அஞ்சார். முந்தைய அமைதியில் தவிர்த்தல் கலந்திருந்தது எனில், அது இந்நிலையில் நீங்குகிறது எனலாம். மாற்றம் ரங்காவுக்கும் உண்டு. பணிவிடையின்வழி அவன் கேட்டுப் பெறுபவன் என்னும் நிலையிலிருந்து கொடுப்பவன் என்னும் நிலைக்கு வருகிறான்.

ஜீஜியும் மீனாட்சியும்: கைமாறும் அச்சு

தமிழகத்துக்கு வெளியே நெடுங்காலம் வாழ்ந்துவரும் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' ராஜஸ்தானத்து அஜ்மீரில் நிகழ்கிறது. பெரிய வீடு, அதன் மூலையில் அடுக்களை. குடும்பத் தலைவர் பப்பாஜி. அவர் மனைவி ஜீஜி. கிஷனை மணந்து தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி. அயல்மொழி வீட்டுக்குள் வந்த தமிழ்ப்பெண்ணின் கண்களே கதையின் கண்களாகின்றன. அவ்வீட்டார்க்கு இயல்பாகிப் போனவை அவளுக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை. இது கதைசொல்லும் உத்தி மட்டுமன்று. மனவார்ப்பு தன்னை உடையவருக்கு உண்மையென்றே தோன்றும்; அதனை அச்சு என்று காண்பதற்கு அயல் நோக்கு ஒன்று வேண்டும். யங்கின் மருத்துவமுறையில் மருத்துவர் வகிக்கும் இடத்தைக் கதையில் மருமகள் வகிக்கிறாள்.

அடுக்களையைச் சற்று விரித்தால் பச்சை மலையைக் காணலாம் என்று மீனாட்சி கூறுகிறாள். அக்கருத்து ஏற்கப்படவில்லை, துணி உலர்த்தும் கொடிகள் கட்டப்பட்டு மலை மறைக்கப்படுகிறது. மலைக்காட்சியைத் தடுப்பதில் அடுக்களையிலேயே வாழும் ஜீஜியின் சொல்லுக்கும் பங்குண்டு என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. தனக்கு நன்மை தரும் ஒன்றை அவள் ஏன் தடுக்கவேண்டும்? இதற்கு விடை அவளுடைய பழைய நினைவில் உள்ளது. இளம் மணப்பெண்ணாக அவ்வீட்டுக்கு வந்தபோது அவளுடைய மாமியார் அறிவுரை கூறுகிறாள். அடுக்களையைக் கைப்பற்றிக்கொள், உன்னை அணிசெய்துகொள்ள மறவாதே, இவ்விரண்டுமே உன் வலிமை என்பது அதன் பொருள்.

நிபந்தனை உடைய மனவார்ப்புக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. 'அடுக்களையை ஆண்டால் உனக்கு இடமுண்டு' என்பதில் நிபந்தனையும் பரிசும் ஒருங்கே உள்ளன. கோட்பாடு கூறாத ஒன்றும் இதில் உள்ளது. இவ்வச்சு பிறந்த வீட்டில் வார்க்கப்படவில்லை. புகுந்த வீட்டில், மாமியாரின் கையால், அன்பின் பெயரால் வழங்கப்படுகிறது. இளம் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்ட பெண்ணுக்கு இளமைக்காலமும் மணவாழ்க்கையும் இருவேறு பருவங்கள் ஆவதில்லை. பெற்றோருடனான அனுபவத்தை மட்டும் மூலமாகக் கொள்ளும் அளவைநிரல் ஜீஜியிடம் வினவினால், அவளுடைய வாழ்க்கையை ஆண்ட அச்சின் பிறப்பிடத்தைத் தவறவிடும்.

மேலும், மாமியாரின் அறிவுரை தவறானதும் அன்று. அவ்வீட்டின் அதிகார அமைப்பில் பெண்ணுக்கு உரிய ஒரே ஆட்சிப்பகுதி அடுக்களையே. அறிவுரை கூறியவள் தன் அனுபவத்தின் சாரத்தையே கொடுத்தாள். ஆகவே இதனைப் 'பொருந்தாத' வார்ப்பு என்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டுக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. பெண்ணின் உள்வளர்ச்சிக்கே அது பொருந்துவதில்லை. யாருக்குப் பொருந்தாதது என்று வினவாமல் இச்சொல்லைக் கையாளுதல் தகாது. போவென் பல தலைமுறைக் கடத்தல் எனக் குறிப்பது குருதிவழிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வது. ஜீஜியின் கதையில் அது மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் செல்கிறது. குருதியுறவு இல்லாத பெண்களின் இச்சங்கிலி, இந்தியக் கூட்டுக்குடும்பத்தைப் பற்றி அம்பையின் கதை கோட்பாட்டுக்குச் செய்யும் திருத்தமாகும்.

சங்கிலியின் அடுத்த கண்ணி மீனாட்சி. முறைப்படி ஜீஜி அவளுக்குச் சாவிகளைக் கொடுக்கவேண்டும், அவளும் பெறவேண்டும். கதையில் நிகழ்வது வேறு. ஜீஜி நோயுற்ற இரவில் மீனாட்சி அவளருகில் அமர்ந்து பேசுகிறாள். ஜீஜியின் வலிமை அடுக்களையிலிருந்தோ அணிகலன்களிலிருந்தோ வந்ததன்று என்கிறாள். அவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் ஒருத்தியை அவளுக்கு நினைவூட்டுகிறாள். போவென் உறுதியான தன்மை என்றும் போலித் தன்மை என்றும் பிரித்துக்கூறும் இரண்டையும் அடுக்களைப் பொருள்களின் பெயரால் பேசும் பேச்சு இது. பிறரிடமிருந்து பெற்றதும் பிறரால் பறிக்கப்படக்கூடியதும் போலி. எதனாலும் பறிக்க இயலாதது உறுதி.

மீனாட்சி வீட்டை விட்டு வெளியேறி இதனைச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். மாமியாரின் படுக்கையருகில், அவள் உடலைத் தாங்கியவாறு சொல்கிறாள். பணிவிடையும் மறுப்பும் ஒரே கையால் நிகழ்கின்றன. உறவைப் பேணிக்கொண்டே அச்சை மறுப்பது இயலும் என்பதை இக்காட்சி நிறுவுகிறது. முழுமையான வெற்றி என்று இதனைக் கொள்ளவும் இயலாது. பப்பாஜியின் அதிகாரமும் அடுக்களையின் இருட்டும் அவ்வாறே உள்ளன. மலை மறைந்தே இருக்கிறது. மனத்தின் அச்சு தளர்வதாலேயே வீட்டின் அமைப்பு மாறிவிடும் என்னும் எளிய நம்பிக்கையை அம்பை வழங்கவில்லை.

ஒப்புநோக்கு

மூவரையும் ஒருங்குவைத்து நோக்கும்போது சில செய்திகள் புலனாகின்றன. முதலாவதாக, மனவார்ப்பு பெரும்பாலும் நற்பண்பின் பெயரைத் தாங்கியே வருகிறது. அலங்காரத்தம்மாளுக்கு அது மகனின் தூய்மைமீது கொண்ட பக்தி. ஜீஜிக்கு அது இல்லறத் திறமை. புகழப்படும் பண்பை எவரும் ஐயுறுவதில்லை. தன்னைத் துறத்தல் தானே தேர்ந்ததா, துறக்காவிடில் இடமில்லை என்னும் அச்சத்தால் நிகழ்ந்ததா என்பதே பிரித்தறியும் வினா. கொடுக்காமலிருக்கவும் இயன்றவள் கொடுப்பது கொடை. கொடுக்காமலிருக்க இயலாதவள் கொடுப்பது அச்சத்தின் விலை. நோய் கண்ட கல்யாணிக்குப் பணிவிடை செய்யும் ரங்காவின் செயலும் இவ்வினாவுக்கு உட்பட்டதே.

இரண்டாவதாக, இடப்பெயர்ச்சியும் தன்வேறுபாடும் ஒன்றையொன்று உறுதிசெய்வதில்லை. அலங்காரத்தம்மாள் வெகுதொலைவு செல்கிறாள். அவளுடைய உண்மையான அசைவு புறப்படுமுன் நிகழ்ந்த பேச்சில் உள்ளது. கல்யாணி தன் வீட்டிலேயே இருக்கிறாள், பிரிந்துசென்றவன் ரங்கா. மீனாட்சி எங்கும் செல்லவில்லை. மூவருள்ளும் தெளிவாகத் தன்னிலை கூறுபவள் அவளே. வெளியேறுதல் தேவைப்படும் வீடுகளும் உண்டு. உயிருக்கும் மானத்துக்கும் ஊறு நேரும் வீட்டில் தங்கித் தன்வேறுபாட்டை வளர்த்துக்கொள்க என்று அறிவுறுத்துவது கோட்பாட்டின் பெயரால் செய்யும் கொடுமையாகும். வெளியேறுதலை மட்டும் வைத்து மனத்தின் விடுதலையைக் கணக்கிடலாகாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

மூன்றாவதாக, இரு கருத்தாக்கங்களுக்கும் இடையிலான எதிர்மாறான உறவு பொதுவில் உண்மையாயினும், அது பெண்ணின் தனிமனத்துக்குள் முடிந்துவிடுவதன்று. தண்டபாணியின் மௌனம், ரங்காவின் வேட்கை, ஜீஜியின் மாமியார் கூறிய அறிவுரை ஆகியன இவ்வுறவின் பகுதிகளே. இவற்றை விலக்கிவிட்டு மனைவியின் மனவார்ப்பை மட்டும் அளந்து மருந்து கூறுவது, குடும்பத்தின் சுமையை மீண்டும் அவள் தலையிலேயே ஏற்றுவதாக முடியும்.

முடிவுரை

புனைகதை மாந்தர் நோயர் அல்லர். படைப்பு மருத்துவக் குறிப்பேடும் அன்று. ஆயினும் உளவியற் கருத்தாக்கங்கள் திறனாய்வுக்கு ஒரு புதிய வினாவைத் தருகின்றன. அவள் வெளியேறினாளா என்பதற்கு மாற்றாக, எந்தக் குரலில் பேசினாள், அக்குரல் அவளுடையதுதானா என்று வினவும் நிலை உருவாகிறது. இம்மூன்று படைப்புகளும் அக்கருத்தாக்கங்களுக்குத் திருப்பியளிப்பதும் சிறிதன்று. மனவார்ப்பு பிறந்த வீட்டில் மட்டுமின்றிப் புகுந்த வீட்டிலும் வார்க்கப்படும். அது குருதிவழியின்றியும் கைமாறும். கணவனின் மனவார்ப்பை அளவாது மனைவியின் தன்வேறுபாட்டை விளக்க இயலாது. மணமான பெண்களைப் பற்றிய வினாநிரல்களை இந்தியச் சூழலில் அமைப்போர் இம்மூன்றையும் கருத்திற்கொள்வது பயன்தரும். ராஜம் கிருஷ்ணன், ஆர். சூடாமணி, சல்மா ஆகியோரின் படைப்புகளையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு. அவ்வாய்வில் முதலில் கேட்கவேண்டியது, அடுக்களைச் சாவியை யார் யாரிடம், என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதே.